வாய் திறந்த வட்டம்

படம் வரையும் மேகலாவின் மேசையில் ஒரு பழைய டீ கிளாஸ் இருந்தது. அதன் அடிவிளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. அதனால் அதை எங்கே வைத்தாலும் முழு வட்டமாக இல்லாமல், ஓரிடத்தில் வாய் திறந்த வட்டமாகக் கறை விழும். அதற்காக அது வாங்கிய திட்டு கொஞ்சமல்ல.

ஒருநாள் ஒரு டீக்கடைக்குச் சின்னம் வரைய எதுவும் தோன்றாமல் விழித்துக்கொண்டிருந்த மேகலா, அந்தக் கறையைப் பார்த்தாள். அப்படியே வரைந்து கொடுத்தாள். கடைக்காரருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

"எப்படிம்மா தோணிச்சு?"

"சும்மா உட்கார்ந்திருந்தேன் அண்ணே. தானா வந்துச்சு."

கிளாஸுக்கு வயிறு எரிந்தது. "தானா வந்துச்சாமே, கேட்டியா?" என்று பக்கத்திலிருந்த பென்சிலிடம் பொருமியது.

"வரைஞ்ச என்னையே யாரும் சொல்லல. நீ வேற" என்றது பென்சில்.

"நீ அவ இழுத்த இழுப்புக்குப் போனவன். நான் அடிபட்டவன்டா."

சில நாளில் கடைக்காரர் ஒரு பீங்கான் கோப்பையைப் பரிசாக அனுப்பினார். அதன் வயிற்றில் அதே வாய் திறந்த வட்டம் அச்சாகியிருந்தது. மேகலா அதை மேசையில் வைத்துவிட்டு, வழக்கம்போல் பழைய கிளாஸில் டீ குடித்தாள். கிளாஸைக் கீழே வைத்ததும் காகிதத்தில் கறை விழுந்தது.

கோப்பை குனிந்து பார்த்தது. "தாத்தா, இது எங்க கடைச் சின்னம். பார்த்து அப்படியே போடுறீங்களே, கொஞ்சம்கூட கூச்சமா இல்லையா?"

மேகலா அடுத்த வாய் குடித்துவிட்டு வைத்தபோது, கோப்பையின் காலடியிலேயே கிளாஸ் வேண்டுமென்றே இன்னொரு வட்டம் போட்டது.