ஃப்ளோட் மேல் விழுந்த பழி

"உன் கையில எவன்யா ஸ்பானரைக் கொடுத்தான்?"

மீசைக்காரர் போட்ட சத்தத்தில் ஒர்க் ஷாப்பில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பெயருக்கேற்ற மீசை. அவருடைய மோட்டார் சைக்கிளும் அந்த மீசை மாதிரிதான். பழசு, ஆனால் எப்போதும் பளபளவென்று இருக்கும்.

"கார்புரேட்டர்ல ஃப்ளோட் உயரத்தைச் சரியா வையின்னு வாராவாரம் கத்துறேன். இன்னைக்கும் மலைப்பாதையில மூச்சு முட்டி நின்னுடுச்சு. கூட வந்தவங்க எல்லாம் மேல போயிட்டாங்க. நான் மட்டும் மானம் போய்த் திரும்பி வர்றேன்!"

மெக்கானிக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

"தப்பு என்னோடதுதான் சார். விட்டுட்டுப் போங்க. சாயங்காலத்துக்குள்ள பார்த்து வைக்கிறேன்."

அவ்வளவுதான். பதிலுக்கு ஒரு வார்த்தை? ஊஹூம்.

உதிரிபாகக் கவுண்டரில் இருந்த அவர் மனைவிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மனுஷன் கத்தினாரே, நேரம் பார்த்தா கத்தினார்? பழைய மோட்டார் சைக்கிள் கிளப்பின் செயலாளர் பக்கத்திலேயே நிற்கிறார். கிளப் வண்டிகள் மொத்தத்தையும் இனி ஒரே இடத்தில் வேலைக்கு விடப் போகிறார்களாம். அது வந்தால்தான் இந்த ஒர்க் ஷாப் பிழைக்கும். இல்லாவிட்டால் கதவைச் சாத்திவிட்டு இவர் எங்கேயாவது சம்பளத்துக்குப் போக வேண்டியதுதான்.

"ஒரு ஃப்ளோட்டையே ஒழுங்கா வைக்க முடியலையேப்பா" என்றார் செயலாளர். "சாயங்காலம் வர்றேன். யோசிச்சுச் சொல்றேன்."

செயலாளரும், வண்டியை விட்டுவிட்டு மீசைக்காரரும் போனதும் அவள் கணவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா? அந்த ஆளு அத்தனை பேர் முன்னால மானத்தை வாங்குறாரு, நீங்க தலையை ஆட்டிக்கிட்டு நிக்கிறீங்க!"

"விடும்மா. கத்தினாத்தான் அவருக்கு ஆறும்" என்றவர், கேபிள் வாங்க வேண்டும் என்று வெளியே போய்விட்டார்.

அவள் விடுகிற ரகமா? அவளுக்கும் இந்த வேலை அத்துப்படி. மீசைக்காரர் வண்டியின் கார்புரேட்டரைக் கழற்றி, அடிக் கிண்ணத்தைப் பிரித்தாள். உள்ளே பெட்ரோல் எந்த மட்டத்தில் நிற்க வேண்டும் என்று தீர்மானிப்பது ஃப்ளோட் என்கிற அந்தச் சின்ன மிதவைதான். மட்டம் இறங்கினால் வண்டி மேட்டில் திணறும், ஏறினால் பெட்ரோல் வழியும். தலைகீழாகப் பிடித்து, மிதவையின் நாக்கு ஊசி வால்வைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி லேசாகச் சாய்த்து, ஸ்கேலை வைத்தாள்.

நூல் பிசகவில்லை.

கண்ணை நம்பாமல் இன்னொரு தரம் வைத்தாள். அதே அளவு. எல்லாவற்றையும் மாட்டி, வண்டியை உதைத்துக் கிளப்பி, நேரே மலைப்பாதைக்கே விட்டாள். உச்சி வரை போய்த்தான் திரும்பினாள்.

ஒர்க் ஷாப்பில் கணவர் காத்துக்கொண்டிருந்தார்.

"வண்டி தங்கமா இருக்கு! மேல வரைக்கும் ஒரு இருமல்கூட இல்ல. வேணும்னே நம்ம பேரைக் கெடுக்கிறாரு. செயலாளர் வரட்டும். அவர் முன்னாலயே போட்டு உடைக்கிறேன்!"

"எனக்குத் தெரியும்மா."

"தெரியுமா?"

"முன்ன ஒரு தடவை சந்தேகப்பட்டு அவர் பின்னாலயே போனேன். முதல் வளைவுல அவரேதான் வண்டியை நிறுத்தினார். போன மழைக்கு விழுந்து அடிபட்டாரே, அதே இடம். ஓரமா உக்காந்துட்டார். ரெண்டு கையும் உதறுது. கூட்டாளிங்க திரும்பி வந்து கேட்டப்போ, கார்புரேட்டர் சரியில்லன்னு சொல்லிட்டார்."

அப்படியும் அவளுக்குக் கோபம் போகவில்லை.

"பயமா இருக்குன்னு சொல்லிட்டு வீட்டுல இருக்க வேண்டியதுதானே?"

"ஃப்ளோட்டைத் திட்டிக்கிட்டாவது வாராவாரம் அந்த வளைவு வரைக்கும் போறாரு. கோளாறு வண்டியில இல்லன்னு ஆயிட்டா, வண்டியையே தொட மாட்டாரு."

"அதுக்கு நம்ம பொழப்பு போகணுமா?"

அவர் ஸ்பானர்களை எடுத்து அடுக்கத் தொடங்கினார்.

சாயங்காலம் செயலாளர் வந்தார். அவர் உட்காருவதற்குள் மீசைக்காரரும் வந்துவிட்டார்.

"என்னய்யா, இந்தத் தடவையாவது கண்டுபிடிச்சியா?"

மெக்கானிக் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"இன்னைக்கு நான்தான் பார்த்தேன் சார். பிரிச்சும் பார்த்தேன். மலைக்கு ஓட்டிக்கிட்டும் போனேன்."

மீசைக்காரரின் முகம் வெளுத்தது. கையில் இருந்த ஹெல்மெட் நடுங்கியது. யாரும் பார்ப்பதற்குள் அதை முதுகுப் பக்கம் கொண்டுபோனார். அவள் பார்த்துவிட்டாள்.

"அப்புறம்?" என்றார் செயலாளர். "வண்டி எப்படி இருக்கு?"

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் குனிந்த தலை நிமிரவில்லை. செயலாளர் பக்கம் திரும்பினாள்.

"முதல் வளைவைத் தாண்டலைங்க. ஃப்ளோட் இன்னும் சரியா அமையல. எங்க தப்புதான்."

செயலாளர் எழுந்துவிட்டார். "அப்ப சரிம்மா. நாங்க வேற இடம் பார்த்துக்கறோம்."

அவர் வண்டிச் சத்தம் தெருமுனையில் தேய்ந்தது. மீசைக்காரர் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார். அந்தக் குரலில் இவ்வளவு மெதுவாகக்கூடப் பேச வருமா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"சரியாயிடுமாம்மா?"

"ஆயிடும் சார். அடுத்த வாரமும் கொஞ்சம் திணறும். அதுக்காகப் போகாம மட்டும் இருந்துடாதீங்க."