உத்தமனின் தாடி

உத்தமன் தாடியை மழித்துவிட்டு வந்து நின்றான்.

ஏழு மாதத் தாடி. மனைவி மாசமாக இருந்தால் புருஷன் மழிக்கக் கூடாது என்பது என் மாமியார் சாந்தகுமாரியின் சட்டம். நான் மாசமாக இல்லை. எங்கள் கரு மூன்றும் ஆஸ்பத்திரி உறைபெட்டியில் இருந்தன.

"வயித்துல இருந்தா என்ன, ஐஸ்ல இருந்தா என்ன, உசுரு உசுருதானே" என்றார் அத்தை.

பொம்மனஹள்ளியில் எங்கள் தெரு முழுக்க லட்டு கொடுத்தார். மூன்று பேரப்பிள்ளைகளாம். கிரகணத்தன்று ஆஸ்பத்திரிக்கே போன் போட்டு, பெட்டி மேல் தர்ப்பைப் புல் வைக்கச் சொன்னார். ஆபீசில் கேட்டவர்களிடம் உத்தமன் சபரிமலைக்கு மாலை என்று சொல்லிவைத்தான். ஆனி மாதத்தில் யார் நம்புவார்கள்?

எனக்கோ அந்த மூன்றை விட்டால் கதியில்லை. இனி முட்டை எடுக்க முடியாது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். தை பிறக்கட்டும், கருவை வயிற்றில் வைத்துக்கொள்ளலாம் என்று அத்தைதான் தள்ளிப்போட்டார்.

போன மாதம் ஓசூரிலிருந்து ஒரு வரன் வந்தது. உத்தமனுக்குத்தான். பெண்ணின் அப்பாவுக்கு இரண்டு பெட்ரோல் பங்க். என்னை விலக்கிவிட வக்கீல் பார்த்தாயிற்று. புதுக் கல்யாணத்துக்கு முன்னால் பழைய வாரிசு எங்கேயும் மிச்சம் இருக்கக் கூடாது என்றாராம் பெண்ணின் அப்பா.

மழுமழுவென்ற கன்னத்தைப் பார்த்ததுமே, மூன்று கருவையும் அழிக்கச் சொல்லிவிட்டான் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"என் கையெழுத்து இல்லாம எப்படிக் கொட்டினாங்க?"

"அதுக்குன்னு சட்டம் எதுவும் இல்லையாம். அப்பா கையெழுத்து போதும்னாங்க."

அப்பாவாம்.

நாளைக் காலை ஓசூருக்குப் பெண் பார்க்கப் போக, அத்தை தட்டில் பூவும் பழமும் அடுக்கிக்கொண்டிருந்தார். "வெறும் செல்லுதானாமே, அதுக்குப் போய் மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிட்டு" என்றார், நிமிராமல்.

நான் இழவு வீட்டு வழக்கப்படி தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரப் புடவையோடு எதிர்வீட்டு லட்சுமம்மாவிடம் போனேன். முதல் லட்டு தின்றவர் அவர். அவர் மடியில் விழுந்து வாய்விட்டு அழுதேன். அதில் நடிப்பு எதுவும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் தெருப் பெண்கள் எல்லோரும் எங்கள் வீட்டில் இருந்தார்கள். பூத்தட்டை யாரோ எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்கள்.

லட்சுமம்மா அத்தையைக் கட்டிக்கொண்டார். "மூணுமா போச்சு, சாந்தக்கா? பெத்தவன் மழிச்சிட்டு நிக்கிறானே, பாவம்."

அத்தை என்னைப் பார்த்தார். தெருவே அத்தையைப் பார்த்தது.

வேறு வழியில்லாமல் ஒப்பாரி வைத்தார்.