ஆப் இருக்கா, இல்லையா?

"வரன் பாக்குற ஆப்பை எப்பவோ எடுத்துட்டேன், நம்பு. டெஸ்க்டாப்ல ஐகானே இல்ல, நீயே பாரு," என்று நிச்சயமான பெண்ணிடம் போனில் கெஞ்சினான் மாப்பிள்ளை.

"ஐகான் இல்லைன்னா ஆப் இல்லைன்னு அர்த்தமா? எனக்கே காது குத்துறியா?"

அவனும் புரோகிராமர், அவளும் புரோகிராமர். தன் வீட்டில் உட்கார்ந்தபடியே அவன் லேப்டாப்பை நெட் வழியாகத் தன் திரையில் ஒரு விண்டோவாகத் திறந்து வைத்திருந்தாள். மெஷினுக்குள் அந்த ஆப் இருக்கிறதா என்று துருவிப் பார்க்க நாலு வரி புரோகிராம் எழுதி ஓடவிட்டாள்.

'இருக்கு' என்றது திரை.

"மாட்டினியா!"

"சத்தியமா இல்லம்மா!"

இன்னும் ஒரு வரி சேர்த்தாள். "நேத்து ராத்திரி கூட ஓப்பன் ஆகியிருக்கு! நிச்சயம் பண்ணின கையோட வேற வரன் தேடுறியே, வெக்கமா இல்ல? அப்பா, கல்யாண ஹாலை கேன்சல் பண்ணுங்க!"

அப்பா பதறியடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"ஒரு நிமிஷம் இரு," என்றான் அவன். "என் ஸ்கிரீன்ல ஒண்ணுமே ஓடலையே. நீ எந்த விண்டோல ஓட்டின? மேல மெஷின் பேர் இருக்கும், படி."

படித்தாள். புரோகிராம் ஓடியது அவன் விண்டோவில் இல்லை. பக்கத்தில் திறந்திருந்த இன்னொன்றில். அது அவளுடைய சொந்த லேப்டாப்.

போனில் அவன் குரல் மெதுவாக வந்தது. "அப்போ நேத்து ராத்திரி வரன் தேடினது யாரு?"

"என்னம்மா, கேன்சல்னு சொல்லிடவா?" என்றார் அப்பா.

"அதை இனிமே அவர்கிட்டதான்ப்பா கேக்கணும்."