பாடகன் வரவில்லை

அறைக்கதவில் தொங்கிய பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, கோவர்த்தனன் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

ரூபாவும் புருஷோத்தமனும் இறங்கி ஓடிவந்தார்கள். ரூபா கிடார், அவன் டிரம்ஸ். உள்ளே இருக்கும் திலீப்தான் அவர்களுடைய பாடகன். தொண்டை கிழியக் கத்திப் பாடும் பங்க் ராக் என்ற ஒன்றைத் திருப்பதி முதன்முதலாகக் கேட்கப்போவது, 1998-இல் அந்தச் சாயங்காலம்தான்.

"அங்கிள், மண்டபம் ரொம்பிப்போச்சி. சித்தூர்லேர்ந்துகூடப் பசங்க வந்துகினு இருக்காங்க. திலீப்ப அனுப்புங்க," என்றாள் ரூபா.

"அவன் வரமாட்டான். கம்ப்யூட்டர் படிச்சவன்லாம் அமெரிக்காவுக்குப் போய்க்கினு கீறான். எம்புள்ள மேடையேறிக் கத்தறதா?"

"ஒரு வருஷமா ரைஸ்மில் ஷெட்டுல ப்ராக்டீஸ் பண்ணிக்கினு இருக்கோம் அங்கிள். கண்ண இறுக்கி மூடிக்கினு அவன் பாடுனான்னா எங்களுக்கே சிலிர்த்துக்கும். நீங்க ஒரு தடவகூடக் கேட்டதில்ல."

கோவர்த்தனன் இடுப்புச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

புருஷோத்தமன் பக்கத்துச் சந்தில் நுழைந்து அறையின் ஜன்னலைத் தள்ளிப் பார்த்தான். உள்ளே தாழ் போட்டிருந்தது.

"டேய் திலீப், நைனா அடிச்சாரா? ஏதாவது பேசுடா."

கட்டில் கிரீச்சிட்டது மட்டும் கேட்டது.

எதிர்வீட்டு ரத்தினம்மா வெளியே வந்து, தெலுங்கும் தமிழுமாக அவனுக்காக இரங்கினாள். "பாபம், பில்லாடு. வயசுப் புள்ளய இப்பிடியா அடைச்சி வெப்பாங்க?" தெருவே எட்டிப் பார்த்தது. கோவர்த்தனன் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் கதவில் சாய்ந்து நின்றார்.

ரூபாவுக்கு அழுகை வந்துவிட்டது. மரியாதையும் போய்விட்டது. "பெத்த புள்ளய ஜெயில்ல போடற மனுசன் நீ. அவனுக்குப் பதிலா நானே பாடறேன். அவன் ஏன் வரலன்னு மைக்குல உன் பேரச் சொல்லியே சொல்றேன்."

"சொல்லிக்கோம்மா," என்றார் அவர். "நேரமாவுது, கெளம்புங்க."

ஆட்டோ தெருமுனையில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாசல்கதவைச் சாத்திவிட்டு வந்து அறையைத் திறந்தார்.

திலீப் முழங்காலைக் கட்டிக்கொண்டு கட்டிலின் மூலையில் ஒடுங்கியிருந்தான். சட்டை வியர்வையில் தொப்பலாகியிருந்தது. அவர் கொடுத்த தண்ணீர்ச் சொம்பை அவனால் பிடிக்க முடியவில்லை. அவரே அவன் வாயில் வைத்துப் புகட்டினார்.

இரண்டு மடக்கு குடித்துவிட்டு, அவன் வாசல் பக்கம் பார்த்துக் கிசுகிசுத்தான்.

"நான்தான் பூட்டச் சொன்னேன்னு சொல்லிடலியே, நைனா?"