பத்தொன்பதாவது ஆள்

மேஜர் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கையில் சந்தன மாலை இருந்தது.

பின்னால் கேமராக்காரர்கள், கட்சித் துண்டுகள், எங்கள் ஊர் ஜெகதளாவில் பாதி. தேயிலைத் தோட்டத்து லைன் வீடான எங்கள் வீட்டின் முன்னறையில் நாலு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் அடுப்பின் மேல்தான் நிற்க வேண்டும். மற்றவர்கள் வாசலில் நெருக்கியடித்துக்கொண்டார்கள்.

மாலையைப் பார்த்து எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தேர்தல் நேரத்தில் மாலை இல்லாத கை எது?

அவர் நேராகப் படத்திடம் போனார்.

என் வீட்டுக்காரர் வசந்தகுமாரின் படம். பட்டாளத்து உடுப்பில் சிரிக்காமல் நிற்பார். மாமனாரும் அவருடைய அப்பாவும் மாலையோடு தொங்குகிற சுவரில் அதை நான் மாட்டவில்லை. கண்ணாடிக்குப் பக்கத்தில், தலை சீவுகிற இடத்தில் மாட்டியிருந்தேன். பதினோரு வருடமாக ஒரு பூ வைத்ததில்லை. காணாமல் போனவர் படத்துக்கு யாராவது பூ வைப்பார்களா?

எல்லையில் பனிமலை உச்சியில் ஒரு காவல் முகாம். சண்டை முற்றியபோது, முகாமை விட்டுக் கீழே இறங்கும்படி உத்தரவு போட்டவர் இந்த மேஜர்தான். அவருடைய ஆட்கள் பத்தொன்பது பேர். பதினெட்டுப் பேர் வந்து சேர்ந்தார்கள்.

ஏழு வருடம் பார்த்துவிட்டு சர்க்கார் என் வீட்டுக்காரரை இறந்தவராக்கிக்கொண்டது. நான் ஆக்கவில்லை. பொட்டு வைப்பதை நிறுத்தவில்லை. அத்தை மாரியாயி பெற்ற மகனுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. உயிரோடு இருக்கிறவனுக்கு அழுதால் ஆகாது என்பார்.

இப்போது மேஜர் ஓய்வு பெற்றுத் தேர்தலில் நிற்கிறார். ஒரு மாதமாக ஊரில் வேறு பேச்சே கிடையாது. ஒரு சேனலில் அவர் மாவீரர். இன்னொரு சேனலில் அவர் அந்த மலையைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. கரடிக்குப் பயந்து இருட்டினால் கதவைத் திறக்காதவர்களெல்லாம் ஆசாத் பாய் டீக்கடையில் உட்கார்ந்து போர் நடத்தினார்கள்.

"பதினெட்டு உசுரக் காப்பாத்தி எறக்கிட்டு வந்தவருங்க," என்பார் கட்சிக்காரர் அய்யாவு.

"அந்தப் பத்தொம்போதாவது ஆளு அப்ப உசுரோட இருந்தாருங்களா இல்லீங்களா? அதச் சொல்லச் சொல்லுங்க," என்பார் ஆசாத் பாய்.

அவ்வளவுதான் கேள்வி. செத்தவரை விட்டுவிட்டு வந்திருந்தால் மேஜர் தலைவர். உயிரோடு விட்டுவிட்டு வந்திருந்தால் பயந்து ஓடிவந்தவர். நான் கொழுந்துக் கூடையோடு கடையைத் தாண்டும்போது மட்டும் பேச்சு நிற்கும். மேஜர் உன்னிடம் ஏதாவது சொன்னாரா என்று இரண்டு கட்சிக்காரர்களும் வீடு தேடி வந்து கேட்டார்கள். ஒன்றும் சொல்லவில்லை என்றேன்.

மேஜர் படத்துக்கு மாலையைப் போட்டார். ஒரு அடி பின்னால் வந்து சல்யூட் அடித்தார்.

அத்தை தொப்பென்று தரையில் உட்கார்ந்தார். பதினோரு வருடமாக அடக்கி வைத்த அழுகை அவ்வளவும் அந்தச் சின்ன அறையில் வெடித்தது.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். என் வீட்டுக்குள் வந்து, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், என் புருஷனைச் சாகடிக்க இவர் யார்? ஆனால் வாயில் வந்தது வேறு.

"எப்பங்க சார்?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. படத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.

"நாங்க கீழ எறங்கறதுக்கு முன்னாடியேம்மா. என் மடியிலதான் உயிர் போச்சு. அப்ப உங்ககிட்ட சொல்ல எனக்கு தைரியம் வரலை."

வாசலில் அய்யாவு கைதட்டத் தொடங்கினார். சாவு வீடு என்று யாரோ அதட்டியதும் நிறுத்திக்கொண்டார். ஆசாத் பாய் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு மாதத்து வழக்கு தீர்ந்துவிட்டது.

மேஜர் என் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். ஓட்டுக் கேட்கிற கும்பிடு மாதிரி இல்லை. எதையோ விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சுவது போல இருந்தது. நானும் கும்பிட்டேன்.

அவர் போனார். கூட்டமும் அவர் பின்னாலேயே இறங்கிப் போனது. பக்கத்து வீட்டு தேவி, அத்தையை மடியில் சாய்த்துக்கொண்டு, என் நெற்றியைப் பார்ப்பதும் பார்வையைத் திருப்புவதுமாக இருந்தாள்.

பதினோரு வருடத்துக்கு முன்பும் மேஜர் இந்த வீட்டுக்கு வந்திருக்கிறார். அப்போது கேமரா இல்லை. அத்தை மயங்கிக் கிடந்தார். தண்ணீர் எடுக்க அடுப்பு மூலைக்குப் போன என் பின்னாலேயே வந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"எறங்கும்போது திரும்பிப் பாத்தேம்மா. நீங்க போங்கன்னு கையக் காட்டுனான்."

அத்தையிடம்கூட நான் அதைச் சொன்னதில்லை. அந்தக் கையை நம்பித்தான் இத்தனை வருடம் பொட்டு வைத்துக்கொண்டேன்.

இரண்டில் ஒன்று பொய். இன்றைக்குச் சொன்னது பொய் என்றால், என் வீட்டுக்காரர் அந்தப் பனியில் தனியாகக் கிடந்து, பதினெட்டுப் பேர் இறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எவ்வளவு நேரம் பார்த்தாரோ.

நான் மாலை போட்ட படத்துக்கு முன்னால் போய் நின்றேன். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, அவர்கள் இறங்கும் முன்பே இவர் செத்துப்போயிருக்க வேண்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டேன்.