மீசை வைத்த விலாங்கு

"டிராகன்னா இறக்கை இருக்கணுமா, வேணாமா? நீங்களே சொல்லுங்க!"

மூத்த மருமகள் கேட்டதும், அவள் கணவர் பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். மனைவியும் தம்பி மனைவியும் ஒரே தொழிலில் இருக்கும் வீட்டில், கருத்துச் சொல்லாமல் இருப்பதுதான் அவருடைய முழுநேர வேலை.

ஓரகத்திகள் இருவரும் சுவர் ஓவியர்கள். சிறுவர் நூலகத்தின் வெளிச்சுவரில் ஆளுக்கொரு டிராகன் வரையச் சொல்லியிருந்தார்கள். எந்த டிராகன் முன்னால் பிள்ளைகள் அதிகம் கூடுகிறார்களோ, அதை வரைந்தவருக்கே உள்ளேயிருக்கும் பெரிய கூடம் முழுவதும். ஆறு மாத வேலை, வாசலில் பெயர்ப் பலகையோடு.

மூத்தவள் வரைந்தது மேற்கத்திக் கதைகளில் வருகிற டிராகன். வௌவால் இறக்கை, வாயில் நெருப்பு, வயிற்றுக்கடியில் புதையல், எதிரே ஈட்டியோடு நடுங்கும் ஒரு வீரன். சிவப்பு பெயிண்ட் மட்டுமே நான்கு டப்பா. இளையவளுடையது கிழக்கத்தி டிராகன். ஆற்றுக்குள் வாழ்ந்து மழை கொண்டுவரும் சாது. இறக்கை கிடையாது, நெருப்பு கிடையாது. நீளமாக ஒரு பச்சை உடம்பு, ஒரு ஜோடி மீசை, காலுக்கு ஐந்து விரல்.

"மீசை வச்ச விலாங்கு மீன்! அதைப் பார்த்துட்டு அந்த லைப்ரரி அம்மா உருகுறாங்க. 'அடடா, அஞ்சு விரல்! அந்தக் காலத்துல அங்க ராஜாவோட டிராகனுக்குத்தான் அஞ்சு விரலாம், எவ்வளவு படிச்சு வரைஞ்சிருக்கா பாருங்க'ன்னு. என் டிராகனுக்கு எத்தனை விரல்னு கேட்க ஒரு நாதி உண்டா?"

"எத்தனை?" என்றார் கணவர், வாய் தவறி.

"அதுவா இப்ப முக்கியம்?"

முதல் இரண்டு நாள் கூட்டம் சரிசமமாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள்தான் வினை. பிள்ளைகள் மூத்தவளுடைய டிராகனை ஏதோ தண்ணீர்க் குழாயைத் தாண்டுவதுபோலத் தாண்டிப்போய், பச்சையின் முன்னால் மொய்த்தார்கள். குனிந்து பார்த்து, விரல் நீட்டி, விழுந்து விழுந்து சிரித்தார்கள். நன்றாகச் சிரிக்கட்டும் என்று அவளுக்கும் முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. சிரித்தவர்கள் மறுநாள் கூடவே இன்னும் நாலு பேரை இழுத்துக்கொண்டு வந்ததுதான் புரியவில்லை.

"இத்தனைக்கும் அவ வரைஞ்சு முடிச்ச கையோட வேற வேலைக்குப் போயிட்டா. எட்டிக்கூடப் பார்க்கலை. நான் தினமும் லைப்ரரி திறக்கிறதுக்கு முன்னாடியே போய், எங்க உரிஞ்சிருக்கு, எங்க மங்கியிருக்குன்னு நாய் மாதிரி காவல் காக்கறேன். கூட்டம் மட்டும் அவளுக்கு!"

"சரி, அந்தக் கையைக் கழுவிட்டு டீயைக் குடு. விரலெல்லாம் ஒரே பச்சை."

"காய் நறுக்கினேன். பேச்சை மாத்தாதீங்க!"

மாதக் கடைசியில் சுவருக்கு முன்னாலேயே முடிவு சொன்னார் நூலகர். "யோசிக்கவே வேண்டாம். பச்சை டிராகன்தான்."

சிவப்பு டிராகன் கக்கிக்கொண்டிருந்த நெருப்பு மொத்தமும் மூத்தவளின் வயிற்றுக்குள் இறங்கியது.

"மூணாம் நாள் காலையில அதுக்கு ஆறாவது விரல் முளைச்சிருந்தது," என்று நூலகர் கைகொட்டிச் சிரித்தார். "யாரோ கெடுத்துட்டாங்கன்னு நான்கூடப் பதறிட்டேன். பார்த்தா, மறுநாள் ஒன்றரைக் கண்ணு! அப்புறம் பாதி மீசை காணோம், மூக்கு மேல ஒரு பரு! இன்னைக்கு என்ன மாறியிருக்குன்னு கண்டுபிடிக்கத்தான் பிள்ளைங்க விழுந்தடிச்சு வருதுங்க. எப்படிம்மா உனக்கு இப்படி ஒரு யோசனை வந்தது?"

இளையவள் திருதிருவென்று விழித்தாள். "மேடம், அதெல்லாம் நான் பண்ணலையே! முதல் நாளோட சரி, அதுக்கப்புறம் நான் இந்தப் பக்கமே வரலை. அக்காவை வேணா கேளுங்க."

"நீ இல்லையா? அப்ப யாரு?" நூலகர் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். "யாரா இருந்தாலும் சரி, கூடம் அவங்களுக்குத்தான்."

மூத்தவள் ஓரகத்தியைப் பார்த்தாள், பூட்டியிருந்த கூடத்தின் கதவைப் பார்த்தாள். பிறகு, முதுகுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த கையை, நகக்கண்ணில் பச்சை பெயிண்ட் இன்னும் காயாத அந்தக் கையை, மெல்ல மேலே தூக்கினாள்.