சோதனைப் பதிவு

திருமலை வலைப்பதிவில் எழுதுவதெல்லாம் மாஸ்டடான் என்ற சமூக வலைத்தளத்தில் அவனைத் தொடர்கிறவர்களுக்குத் தானாகப் போய்ச் சேர ஒரு பிளகின் போட்டிருந்தான். ஒரு லைக் கூட வராததால் அது மக்கர் பண்ணுகிறதோ என்று சந்தேகம். ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவி காஞ்சனாவின் போனிலும் அவனைத் தொடர ஒரு கணக்குத் திறந்து கொடுத்துவிட்டுச் சோதனையில் இறங்கினான்.

ஒரகடம் கம்பெனியில் அவன் குவாலிட்டி செக்‌ஷன். ஒவ்வொரு சோதனைக்கும் தனி அடையாளம் இருக்க வேண்டும் என்பது அங்கே படித்த பாடம். "காஞ்சனா வைக்கும் வத்தக்குழம்புக்கு ஈடில்லை" என்று முதல் பதிவு போட்டான்.

"வந்துச்சா?"

"வரலீங்க" என்றாள் அடுப்படியிலிருந்து.

செட்டிங்கை மாற்றினான். "காஞ்சனா மாதிரி பேரம் பேச வாலாஜாபாத் சந்தையிலேயே ஆளில்லை."

"இப்போ?"

"ம்ஹூம்."

பிளகினைக் கழற்றி மறுபடி மாட்டினான். பதினோராவது பதிவில் அவள் போடும் கோலம் வரைக்கும் வந்துவிட்டான். அப்போது ஷிப்ட் நண்பன் தாண்டவராயன் போன் செய்தான்.

"இன்னா மச்சான், காலையிலேர்ந்து உன் பதிவா வந்துகினே கீது! ஒண்ணு வுடாம படிச்சிட்டு என் பொண்டாட்டி என்னை மொறைக்கிறா. நிறுத்துடா!"

திருமலை நேரே அடுப்படிக்குப் போனான். காஞ்சனா போனைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"ஒண்ணுகூடவா வரல?"

"ரசத்தைப் பத்தி மட்டும் இன்னும் வரலீங்க."